விசிறிகளின் பக்கம் போன புகை

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. பொற்கொடி மொட்டைமாடியில் நின்றுதான் புருஷனின் புகையைப் பார்த்தாள். அது மேலே போகவில்லை. சுடுகாட்டை ஒட்டிய தொழிற்சாலையின் சுவர் நிறையச் சுழன்ற ராட்சத விசிறிகளின் பக்கம் வளைந்து உள்ளே போனது. காற்றில் கலந்த கரியைப் பிரித்து பெட்ரோல் தயாரிக்கிறார்கள் என்று ஊரே மெச்சும் தொழிற்சாலை அது.

கருமாதி முடிந்த சில நாளில், தம்பி தணிகைவேல் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக பைக்கில் ஏற்றிக்கொண்டான். வழியில் டேங்க் நிரம்ப அந்த பெட்ரோலைப் போட்டான்.

"புகையைக்கூட விடாம பெட்ரோலாக்கிடுறானுங்க, பாருக்கா."

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரும்பித் திரும்பி சைலன்சரையே பார்த்தாள்.

"ஏன்டா இந்த முறுக்கு முறுக்குற? மெதுவாப் போ."

"உருட்டிக்கிட்டுதானே போறேன்!"

சிக்னலில் முதுகைத் தட்டினாள். "சும்மா எரியுது. அணைச்சுடு."

அணைத்தான். பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அவன் ஸ்டார்ட் செய்யப் போகையில், அவள் இறங்கி பைக்கின் பின்பக்கத்தில் கை வைத்திருந்தாள்.

"முன்னால பாலம் வருது. மேடு ஏறினா அவருக்கு மூச்சு வாங்கும்டா. வா, தள்ளிக்கிட்டே போயிடலாம்."