கூட வந்த அக்கா

தி.நகர் கிளினிக்கில் ஷண்முகப்ரியா பயந்து போய் உட்கார்ந்திருக்க, அருகில் இருந்த சுந்தரவல்லிதான் டாக்டரிடம் கேட்டாள்.

"இவளுக்கு வலிக்குமா டாக்டர்?"

"லேசா இழுத்துப் பிடிக்கற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இவங்க வீட்டுக்காரருக்கு உயிரணு கொஞ்சம் கம்மி. அதைச் சுத்தம் பண்ணி, நல்லதா எடுத்து, மெல்லிசான குழாய் வழியா கர்ப்பப்பைக்குள்ள வைக்கப் போறோம். முதல் தடவையே கரு நிக்கும்னு சொல்ல முடியாது."

"நிக்கலைன்னா இவகிட்ட குறைன்னு ஆயிடுமா?"

"சேச்சே! இவங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா."

சுந்தரவல்லி கண்களை மூடித் திறந்தாள்.

சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்தது. படுத்திருந்த ப்ரியாவின் நெற்றி வியர்வையைச் சுந்தரவல்லி தன் முந்தானையால் ஒற்றினாள்.

"போயிடாதீங்கக்கா."

"எங்கேயும் போகலைம்மா."

டாக்டர் சிரித்தார். "கூடப் பிறந்த அக்காவா?"

"இல்ல டாக்டர். இவ வீட்டுக்காரரோட முதல் சம்சாரம். பிள்ளை பெறலைன்னு என்னை விவாகரத்து பண்ணினாங்க. இப்ப இவளையும் மலடின்னு சொல்றாங்கன்னு அழுதுக்கிட்டே என்னைத் தேடி வந்தா. நான்தான் சண்டை போட்டு அவரை டெஸ்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். எனக்கு விழுந்த பேரு இவளுக்கும் விழக் கூடாது."

வாசலில் வந்து நின்ற ப்ரியாவின் கணவன் வெங்கடேஷ் எல்லாவற்றையும் கேட்டுத் தலைகுனிந்தான்.

"வல்லி, நான்..."

"என்கிட்ட அப்புறம் பேசலாம்" என்று நாற்காலியை விட்டு எழுந்தாள் சுந்தரவல்லி. "முதல்ல அவ பக்கத்துல வந்து உட்காருங்க."