மறுபடியும் போன்

“நேத்துதான நர்ஸம்மா வந்து பாத்துட்டுப் போனாங்க. இன்னைக்கும் எதுக்குப் போன் போட்டீங்க?” வேல்விழிக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“வரட்டும்,” என்றான் கட்டிலில் கிடந்த மாதவன்.

அவனுடைய புற்றுநோய்க்கு இனி வைத்தியமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நர்ஸ் தேஜஸ்ரீதான் வந்து போகிறாள்.

“வலி மருந்து குடுத்தாச்சு, கட்டு மாத்தியாச்சு. நல்லூர் முழுக்க நீங்க ஒருத்தர்தான் நோயாளியா?”

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. வேல்விழி கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். சொன்னாக் கேக்க மாட்டேங்காரு.”

தேஜஸ்ரீ அந்த நாற்காலியில் வேல்விழியையே உட்கார வைத்து, பிரஷர் பார்க்கும் பட்டையை அவள் கையில் சுற்றினாள்.

“எனக்கு எதுக்கு?”

“உங்களைப் பாக்கத்தானுங்க அக்கா வரச் சொன்னாரு. ராத்திரியெல்லாம் தூங்கறதில்லையாம், காலையில அடுப்படியில மயங்கி விழுந்துட்டீங்களாம். எந்திரிச்சு வந்து தூக்க முடியலையேன்னு போன்ல அழுவறாருங்க.”

வேல்விழி கணவனைப் பார்த்தாள். “இத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருந்தா, போனைப் பிடுங்கி வச்சிருப்ப,” என்றான் மாதவன்.