எதிராளியின் கைதட்டல்

இரும்புப் பந்து இரும்புப் பந்தில் மோதும் சத்தம். கரீனின் சின்ன வயது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அதுதான் அடையாளம். ணங் என்று கேட்டால் அப்பா ஜெயித்துவிட்டார் என்று பொருள்.

அப்பா அந்துவான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சர்க்கரை நோய் அவர் பார்வையைக் கொண்டுபோனபோது இரும்புப் பந்தை எறிந்து ஆடும் பெத்தாங்க் ஆட்டமும் கூடவே போனது.

இன்று மறுபடி திடலில் நிற்கிறார். காரைக்கால் போட்டிக்குப் போகும் கிளப் அணியில் ஓர் இடம்தான் பாக்கி. அதற்கு இரண்டு பேர்: அவரும், முத்தியால்பேட்டை ராஜவேலும். தரையில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்கு யார் பந்து நெருங்குகிறதோ, அவருக்குப் புள்ளி.

அந்துவான் எறியப் போகும்போதெல்லாம் ராஜவேல் மரக்குண்டின் பின்னால் ஓடிப்போய் நின்று கை தட்டினான்.

"கண்ணு தெரியாத மனுஷனைக் கலைக்கிறான் பாருங்க," என்றார் வேடிக்கை பார்த்த ஜானகிராமன். "இப்படி ஜெயிச்சு என்னத்துக்கு?"

பாரிசிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்த கரீனுக்குப் பொறுக்கவில்லை. திடலுக்குள் இறங்கினாள்.

"கை தட்டறதை நிறுத்துங்க."

ராஜவேல் திகைத்தான். பதில் சொன்னவர் அந்துவான்.

"நீ சும்மா இரும்மா. அவன் நிறுத்திட்டா நான் எங்க எறியறது?"

"என்ன பப்பா சொல்றீங்க?"

"அந்தச் சத்தம்தான் எனக்குக் குறி. மாசக்கணக்கா பழகிக்கிட்டு இருக்கோம்."

ராஜவேல் கூச்சத்தோடு சொன்னான். "எங்க ஆபீசுல டிசைன் திங்கிங்னு சொல்லுவாங்கக்கா. யாருக்காகச் செய்யறமோ, அவங்களா இருந்து பாக்கணும். நானும் கண்ணைக் கட்டிக்கிட்டு ஆடிப் பார்த்தேன். முதல்ல குண்டுக்குள்ள மணி வெச்சேன். உருண்டா கேக்குது, நின்னா ஊமை."

"அப்புறம் செல்போனைப் பாட வெச்சான்," என்றார் அந்துவான். "என் பந்து அது மேலயே விழுந்துச்சு. புது போன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜானகிராமன் தரையைப் பார்த்தார்.

"அதான் கை. உடைஞ்சா கட்டு போட்டுக்கலாம்," என்றான் ராஜவேல். "எறிங்க முசியே." முசியே, அதாவது ஐயா, என்றுதான் அவன் அந்துவானைப் பிரெஞ்சில் கூப்பிடுவான்.

இருவரும் சம புள்ளி. அந்துவானிடம் கடைசிப் பந்து. ராஜவேலின் பந்து மரக்குண்டுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அவன் பின்னால் போய் நின்று, முன்னைவிட உரக்கத் தட்டினான்.

பந்து உருண்டு வந்தது. ராஜவேலின் பந்தைத் தாண்டி, மரக்குண்டைத் தொட்டு நின்றது.

அந்துவான் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். "என்னடா ஆச்சு?"

"நான் தோத்துட்டேன் முசியே," என்றான் ராஜவேல். அவன் குரலில் அத்தனை சந்தோஷம்.

அடுத்த மாதம் அந்துவான் அணியில் ஆடக் காரைக்கால் போனார். ராஜவேலும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனான், கை தட்ட.