அத்திமரத்தில் ஒரு கிளை

ஏரிக்கரை அத்திமரத்தில் ஒரு மைனா, மற்ற பறவைகளின் குஞ்சுகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்து வந்தது. அதன் கூடு மட்டும் ஏரிக்கு அக்கரையில், ஒரு முள்மரத்தில் இருந்தது. தினமும் ஏரியைத் தாண்டித்தான் வர வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் வகுப்பு தொடங்கத் தாமதமாகிவிடும்.

அன்றும் தாமதம். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும், மரத்துக்குச் சொந்தக்காரியான கிளி மைனாவைப் பிடித்துக்கொண்டது.

"என்ன டீச்சர், இன்னைக்கும் லேட்டா? பேசாம இங்கேயே குடிவந்துட வேண்டியதுதானே?"

"எனக்கும் ஆசைதான். அந்தக் கீழ்க்கிளை காலியா இருக்கே, வாடகை என்ன?"

கிளி சொன்ன வாடகை, மைனாவுக்குச் சம்பளமாகக் கிடைக்கும் பழங்களைவிட அதிகம். பத்து மாத அட்வான்ஸ் வேறு.

"போன வருஷம் இவ்வளவு இல்லையே!" என்றது மைனா.

"போன வருஷம் உங்க பேர் இவ்வளவு பரவலையே! நீங்க சொல்லிக்கொடுத்தா ஒரு குஞ்சுகூடக் கீழே விழறதில்லைன்னு ஊரெல்லாம் பேச்சு. எங்கிருந்தெல்லாமோ வந்து கிளை கேக்கறாங்க. நான் என்ன செய்யட்டும்?"

மைனா காலிக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்போ, நான் கொஞ்சம் மோசமாச் சொல்லிக்கொடுத்தா எனக்கு இங்கே இடம் கிடைக்குமா?"

கிளி விழுந்து விழுந்து சிரித்தது. "உங்களுக்குக் குறும்பு ஜாஸ்தி, டீச்சர்." பிறகு வானத்தைப் பார்த்தது. "பொழுது சாயுது, கிளம்புங்க. நாளைக்காவது நேரத்துக்கு வந்துடுங்க."