கரடியின் இடது தோள்

ரோலண்ட் கரடியின் காலைப் பிடித்து அதன் தலைக்கு மேல் தூக்கினார்.

இடுப்பு கிழியவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

சுவரளவு திரையில் சமையல்காரக் கரடி ஒற்றைக் காலில் நின்றது. பத்து வாரம் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்து நான் கட்டிய கரடி. கணினியில் உருவத்தை வேறு யாரோ செய்து தந்துவிடுவார்கள். அதற்குள் எலும்பு வைத்து, எந்த எலும்பு அசைந்தால் எந்தத் தோல் கூடவே போக வேண்டும் என்று சொல்லி, ஆட்டுவிப்பவர்கள் இழுப்பதற்குப் பிடிகள் வைத்துக் கொடுப்பது என் வேலை. ரிக்கிங் என்பார்கள்.

பர்பேங்கில் எங்கள் அனிமேஷன் ஸ்டூடியோவில் வியாழக்கிழமை பதினொரு மணி என்றால் உடைப்பு. புதிதாகக் கட்டிய உருவத்தை எல்லோர் முன்னாலும் முறுக்கி, மடக்கி, இழுத்துப் பார்ப்பார்கள். எங்காவது பிய்ந்தால் ரோலண்ட் மேசையிலுள்ள பித்தளை மணியை அடித்துவிடுவார்கள். கட்டியவர் மறுநாள் எல்லோருக்கும் டோனட் வாங்கிவர வேண்டும். போன வாரம் டெரிக் இரண்டு பெட்டி வாங்கிவந்தான். அவனும் சேர்ந்துதான் சிரித்தான்.

என் பயம் டோனட்டைப் பற்றியது இல்லை.

வேலை தெரியும் என்று சொல்லி உள்ளே வந்திருக்கிறேன். தெரியாது. அது வெளியே வந்தால் வேலை போகும். கூடவே மருத்துவக் காப்பீடும் போகும். அது இல்லாமல் என்னால் ஒரு மாதம்கூடத் தள்ள முடியாது.

நேர்காணல் என்று ஒன்று நடக்கவே இல்லை என்பதுதான் கொடுமை. கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன், இந்த வியாழக்கிழமையும் வந்திருக்காது. "எப்ப வந்து சேர்றீங்க, லோர்னா?" என்று மட்டும் கேட்டார் எங்கள் பிரிவுத் தலைவர் ரோலண்ட்.

"பாத்து ரோலண்ட், அதுவும் ஒரு தாய் வயித்துல பொறந்ததுதான்" என்றான் டெரிக். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

முதுகு வளைந்தது. வால் சுழன்றது. தாடை திறந்து மூடியது. இவையெல்லாம் புத்தகத்தில் படிப்படியாக இருந்தன. ஒரு படி விடாமல் செய்திருந்தேன்.

தோள்தான் சனியன்.

மூன்று புத்தகங்கள் வைத்திருந்தேன். தோள் என்று வந்ததும் இரண்டு புத்தகங்கள் மூன்றாவதைப் பார்க்கச் சொல்லி ஒதுங்கிக்கொண்டன. அந்த மூன்றாவதை எழுதியவள் இருக்கிறாளே, அவளுக்கு எவ்வளவு திமிர். தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைப்பு. எலும்பை வைக்கச் சொல்கிறாள், பெயரிடச் சொல்கிறாள், பிறகு ஒரே வரி: மீதியை வழக்கம்போல் முடித்துக்கொள்ளுங்கள். யாருடைய வழக்கம்? அந்த வரியைப் படித்துப் படித்து ஒரு நாள் புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பிறகு எடுத்துத் தடவி, மறுபடி அதே வரியைப் படித்தேன்.

கடைசியில் தோளைக் குருட்டாம்போக்கில் கட்டினேன்.

"இப்ப கை" என்றார் ரோலண்ட்.

கரடியின் இடது கை மேலே போகத் தொடங்கியது. மார்புவரை ஒன்றுமில்லை. கன்னம்வரை ஒன்றுமில்லை. கடவுளே, இதோடு விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

காதைத் தாண்டியதும் தோள் உள்ளே அமுங்கியது. கழுத்துத் தோல் ஒரு பக்கமாக இழுபட்டு, காலிப் பை மாதிரி தொங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. டெரிக்கின் கை மணிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவன் அடிக்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

எழுந்து போய்விடலாமா, அவர்களே சொல்லட்டும் என்று உட்கார்ந்திருக்கலாமா என்றுகூடத் தெரியவில்லை.

ரோலண்ட் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

"வேணும்னேதான பண்ணீங்க? நாங்க கண்டுபிடிக்கிறோமான்னு பாக்குறீங்க."

அறை முழுக்க ஒரே சிரிப்பு. இரண்டு பேர் நோட்டை எடுத்து என்னவோ குறித்துக்கொண்டார்கள். மரிசோல் எழுந்து என்னிடம் வந்தாள். எங்களில் இளையவள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். கையில் அந்த மூன்றாவது புத்தகம். மூலையெல்லாம் மடிந்து, பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. பேனாவையும் சேர்த்து நீட்டினாள்.

பின்னட்டைப் படத்திலிருந்த பெண்ணுக்கு முடி தோள்வரை இருந்தது. நெற்றியில் தையல் தழும்பு இல்லை. மற்றபடி முகம் என்னுடையதுதான். கீழே அச்சிட்டிருந்ததும் என் பெயர்தான்.

எனக்கு அறுவை நடந்தது இவர்களுக்குத் தெரியும். மூளையிலிருந்து கட்டியை எடுத்தபோது அதோடு என்ன போனது என்பது தெரியாது. மகள் பெயர் நினைவிருந்தது. வீட்டுக்கு வழி நினைவிருந்தது. இருபத்திரண்டு வருடம் செய்த தொழில் மட்டும் துடைத்தெடுத்த மாதிரி போயிருந்தது.

பேனாவைப் பிடித்துப் பெயரை எழுதினேன்.

"அப்புறம் அந்தத் தோள்" என்றாள் மரிசோல். "அத நீங்க சரிபண்றத பக்கத்துல இருந்து பாக்கணும், லோர்னா. புத்தகத்துல ஒரே வரியோட விட்டுட்டீங்க."

அதைப் பார்க்க, அறையிலிருந்த பதினொரு நாற்காலிகளும் என் மேசையை நோக்கி நகர்ந்தன.