மேலெழுதவா?

ஹுவாலியென் நகர நிலநடுக்க ஆய்வுக்கூடத்தில் காலை வெயில் மேசைமேல் விழுகிறது. நேற்று பழுது நீக்கிய கணினிக்குப் பழைய பதிவுகளை நகலெடுக்கக் கட்டளை தட்டுகிறாள் ஷூஃபென். காலியாக இருக்க வேண்டிய இடம்தான்; ஆனால் கறுப்புத் திரை கேட்கிறது: ‘பதிவு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதை அழித்து மேலெழுதவா?’ “ஆமான்னு தட்டிட்டு வாம்மா, நூடுல்ஸ் ஆறுது” என்கிறார் பின்னால் நிற்கும் மேலாளர் லியாவ். “இருங்க சார், காலி இடத்துல ஏன் கேக்குது?” வேண்டாமென்று தட்டிவிட்டு அந்தக் கோப்பைத் திறக்கிறாள். இன்று விடியற்காலை வந்த நடுக்கத்தின் கோடுகள் திரை முழுக்க எழுந்து விழுகின்றன. மின்சாரம் போனதால் மற்ற நிலையங்கள் எதிலும் பதிவாகாத நடுக்கம் அது; நேற்றிரவு சோதனைக்காக நடுக்கமானியோடு இணைத்து மின்கலத்தில் ஓடவிட்ட இந்தக் கணினி மட்டும் பதிந்திருக்கிறது. லியாவ் அடுத்த அறைக்கும் கேட்கும்படி கத்துகிறார்: “நம்மகிட்ட மட்டும்தான்யா இருக்கு! நானா இருந்தா அழிச்சிருப்பேன், இவ அழிக்கல!” கதவருகே முகங்கள் கூடுகின்றன. கன்னம் சிவக்க, ஷூஃபென் நாற்காலியை நகர்த்தி அவர்களுக்குத் திரையைக் காட்டுகிறாள்.