பிஸ்டன் மேல் களி

"இன்னும் எவ்ளோ நேரம் மேஸ்திரி? ஜல்தி மூடு, வண்டி கெளம்பணும்!"

அரங்கநாதன் போட்ட சத்தத்தில் திண்டிவனம் ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையே அதிர்ந்தது. முப்பத்தெட்டாம் வருஷம் ஒலக்கூர் வட்டாரத்தில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் காரும் இப்போது எஞ்சின் திறந்து கிடந்தது.

பக்கத்தில் அவர் தம்பி கண்ணையன், கையில் கொடுவாளோடு நின்றிருந்தான்.

அரங்கநாதனின் ஒரே மகள் செண்பகம் விடியற்காலையில் மிஷன் பள்ளி வாத்தியார் சவுரிராயனோடு ஓடிப் போய்விட்டாள். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

"இங்க ஸ்டேஷன்ல நம்ம ஆளுங்க நிக்கறாங்கண்ணே. பஸ்ஸ புடிச்சி விழுப்புரம் போயிருப்பாங்க. ஜங்ஷன்ல மாட்டட்டும், ரெண்டு பேரும் உசுரோட திரும்ப மாட்டாங்க" என்றான் கண்ணையன்.

மேஸ்திரி இருதயராஜ் எஞ்சினிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஐயா, வண்டி நல்லா இழுக்கணும்னு நீங்க போன வாரம் சொன்னீங்க. அதான் ஸ்ட்ரோக் ஜாஸ்தியான கிராங்க் போட்டுக்கினு இருக்கேன். பிஸ்டன் இப்ப முன்னவிட மேல ஏறும். ஏறிப் போயி மேல மூடற ஹெட்டுல இடிச்சா எஞ்சினே தூளாயிடும். நடுவுல எடம் இருக்கான்னு பாக்காம ஸ்டார்ட் பண்ண முடியாதுங்க."

"எப்டிப் பாப்ப?"

"கேப்பைக் களிதாங்க. பிஸ்டன் மேல வெச்சு, ஹெட்ட மூடி, ஹாண்டில கையால சுத்துவேன். தொறந்து பாத்தா, நசுங்கின களி எவ்ளோ தடிமனோ, நடுவுல அவ்ளோ எடம்."

பின்கட்டுதான் அவன் வீடு. "மேரி, கொஞ்சம் களி வோணும்!"

"தோ, அடுப்புல வேவுது" என்றாள் அவன் மனைவி இருதயமேரி. வாசற்படியை விட்டு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்கும் தட்டு ஒன்றை நீட்டினாள்.

இருதயராஜ் களியை உருட்டி வைத்து, ஹெட்டை மூடி முடுக்கினான். ஹாண்டிலைச் சுற்றினான். எங்கேயும் தட்டவில்லை. திறந்து பார்த்தான். களி அப்பளம் போல நசுங்கியிருந்தது.

"எடம் இருக்குதுங்க ஐயா!"

பசி பொறுக்காமல் தட்டில் மிச்சமிருந்த களியை ஒரு வாய் போட்டுக்கொண்ட அரங்கநாதன், மெல்லாமல் அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"சுடுதுங்களா?"

"ஆமா... சுடுது."

கண்ணையனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அந்த வாத்தி இந்தத் தெருக்காரன்தான? கெளம்பறதுக்கு முன்னாடி வூடு வூடா பூந்து பாத்துடலாம். மொதல்ல இவன் வூடு!" என்று கொடுவாளோடு பின்கட்டை நோக்கி நடந்தான். மேரி கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"நில்லுடா!"

அரங்கநாதன் போட்ட அதட்டலில் கண்ணையன் நின்றுவிட்டான்.

"இங்க நேரத்த வீணாக்கினா விழுப்புரத்துல ரயிலு போயிடும். வண்டில ஏறு!"

இருதயராஜ் ஹெட்டைத் துடைத்துப் பூட்டி முடுக்கினான். ஹாண்டிலை ஒரு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் உறுமியது.

"புது கிராங்க்குங்க ஐயா. மொதல்ல மெதுவாத்தான் ஓட்டணும்" என்றான் பயந்துகொண்டே.

காலையிலிருந்து ஜல்தி ஜல்தி என்று குதித்த மனுஷன் தலையை ஆட்டினார். "மெதுவாவே போறோம் மேஸ்திரி." ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் தயங்கினார். "களி நல்லாருந்துச்சுன்னு உள்ள சொல்லிடு."

கார் விழுப்புரம் ரோட்டில் திரும்பி மறைந்தது. இருதயராஜ் கதவைச் சாத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினான்.

அடுப்பங்கரையில் சவுரிராயன் முகம் வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில், களித் துடுப்பைக் கையில் பிடித்தபடி செண்பகம்.

"அப்பாரு போயிட்டாராண்ணே?"

"போயிட்டாரும்மா. ஆமா, களில என்னாத்தப் போட்ட? உருட்டறப்ப என்னமோ நறுக்கு நறுக்குனு கெடந்துச்சே?"

"சீரகம்ணே. அப்பாருக்கு வாய்வு, அதனால அவருக்குன்னு நான் மட்டும் அப்டித்தான் கிண்டுவேன். கைப்பழக்கத்துல இதுலயும் போட்டுட்டேன்" என்றவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஐயையோ, அப்பாரு அதத் தின்னாரா?"

இருதயராஜ் அப்படியே சுவரில் சாய்ந்தான்.

"தின்னாரும்மா. நல்லாருந்துச்சுன்னு உன்கிட்ட சொல்லச் சொல்லிட்டுத்தான் போனாரு."